பொட்டு வைத்த சுவிட்சு

மின்சாரப் பாடம் நடத்துகிற நாளில் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் இருக்காது. தொடக்கப்பள்ளி வாத்தியார் தொழிலில் நிச்சயமானது இது ஒன்றுதான். சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? நான் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதிக்கு வந்து நாலாம் வகுப்பு எடுக்கிறவள். போன வருஷம் ஒரு சின்ன பல்பை எரியவைக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

களைத்துப்போன கரண்ட்

“கரண்ட் எங்கிருந்து வருது?” என்று கேட்டேன். கம்பத்திலிருந்து என்றார்கள். கம்பத்துக்கு எங்கிருந்து என்றால், லைன்மேன் வீட்டிலிருந்து என்றான் ஒருவன். அவன் மேல் தப்பில்லை, கரண்ட் போனால் ஊரே அவரைத்தானே தேடுகிறது.

முன்வரிசையில் தாமரை எழுந்தாள். எதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிற பெண். அவள் கையைத் தூக்கினாலே எனக்கு உள்ளூர உதறல்தான். இங்கே சாயங்காலம் ஆனால் பல்பு மங்கலாக எரியும். அதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. “கரண்ட்டு கீழ இருந்து ஏறி வருதுங்க டீச்சர். இத்தனை வளைவு ஏறுனா அதுக்கும் களைப்பா இருக்காதுங்களா?”

நின்ற கடிகாரம்

இது வாயால் சொல்லித் தீராது, அட்டைப்பெட்டியில் விளக்கு எரிகிற வீடு ஒன்று செய்வோம் என்றேன். பேட்டரிக் கட்டை, டார்ச் பல்பு, ஒயர். சுவிட்சுக்கு, நோட்டீஸ் போர்டிலிருந்து பிடுங்கிய தட்டைத் தலைப் பின் இரண்டும் ஓர் ஊக்கும். ஊக்கைத் தள்ளி இரண்டு பின்னையும் தொடவைத்தால் பல்பு எரியும். “பேட்டரியில கிளம்புன கரண்ட் பல்பு வழியா பேட்டரிக்கே திரும்பி வரணும். எரியலைன்னா வழி நெடுக விரலை வெச்சு நடந்து பாருங்க, எங்கியாச்சும் அறுந்திருக்கும்” என்று சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்து பிளக் பாயிண்ட் பக்கம் மட்டும் எவனும் போகக் கூடாது என்று மிரட்டியும் வைத்தேன்.

சாமான் கொண்டுவரச் சொன்னதுதான் தாமதம், ஒரு பையன் சுவர்க்கடிகாரத்துக் கட்டையையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். மறுநாள் அவன் அம்மா மிளகு மூட்டையோடு வாசலில் நிற்கிறார். நின்றுபோன கடிகாரத்தை நம்பிச் சந்தைக்குப் போகிற பஸ்ஸை விட்டிருக்கிறார். நான் கட்டையைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னார்: “அடுத்த பாடம் என்னன்னு முன்னாடியே சொல்லிப்போடுங்க டீச்சர், மிக்சியத் தூக்கிப் பரண் மேல வெச்சுக்கறேன்.”

பொன்னுசாமியின் கெடு

வீடு பாதி ஆகும்போது தாமரை பேசுவதை நிறுத்திவிட்டாள். மதியம் சோற்றைத் தொடவில்லை. என்ன கண்ணு என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அப்பா பொன்னுசாமி அவளைக் கீழே ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கப்போகிறாராம். “அங்க ராத்திரி அழுதா திட்டுவாங்களாமுங்க டீச்சர்” என்றாள். அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

பொன்னுசாமி மிளகும் மரவள்ளியும் போடுகிற மனிதர், மகள் மேல் உயிர். சாயங்காலம் அவரைப் போய்ப் பார்த்தேன். “இங்க வெறும் எழுத்துத்தானுங்க, அங்க எல்லாம் செஞ்சு காட்டறாங்களாமா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் மகளே ஒரு விளக்கு வீடு செய்துகொண்டிருக்கிறாள், பெற்றோர் கூட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றேன். தலையைச் சொறிந்தார். “வாரேனுங்க. எரிஞ்சா பாக்கலாம். எரியலைன்னா டி.சி. எழுதிக் குடுத்துருங்க.”

எரியவில்லை

முந்தின நாள் சாயங்காலம் ஜோராக எரிந்தது. கூட்டத்தன்று, எல்லாரும் பார்க்க, தாமரை ஊக்கைத் தள்ளினாள். ஒன்றும் இல்லை. கட்டையை மாற்றினேன், பல்பைத் திருகினேன், தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். ம்ஹூம்.

தாமரையின் கண் நிறைந்துவிட்டது. பொன்னுசாமி சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “உடுங்க டீச்சர், மெஷினுன்னா அப்படித்தான். டி.சி. எப்ப வந்து வாங்கிக்கட்டுங்க?”

விரல் நடந்த வழி

தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நடந்து பாக்கறேனுங்க டீச்சர்” என்று பேட்டரிமேல் விரலை வைத்தாள். விரல் ஒயர் வழியாகப் போய், பல்பைத் தாண்டி, சுவிட்சுக்கு வந்து நின்றது. இரண்டு பின் தலையிலும் வட்டமாகக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்; ஊக்கு பின்னைத் தொட வழியே இல்லை. பதற்றத்தில் நான் அதைப் பிள்ளைகள் செய்த அலங்காரம் என்று விட்டிருந்தேன். பாவாடை நுனியால் அழுத்தித் துடைத்துவிட்டு அவள் ஊக்கைத் தள்ளினாள். பல்பு எரிந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

“யாரு இதுல பொட்டு வெச்சது?” என்று அதட்டினேன். பொன்னுசாமி மெதுவாக எழுந்தார். மருந்தடிக்கிற மெஷினோ மோட்டாரோ, எது புதுசாக வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்டுவது அவர்கள் வீட்டில் கிடையாது. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மகளின் மெஷினுக்கும் வைத்திருக்கிறார். “ரெண்டு எடம் பளபளன்னு இருந்துச்சுங்க, அதுல வெச்சனுங்க” என்றார். எரியக் கூடாது என்று நினைக்கிற மனுஷன் வீட்டிலிருந்து இலையில் மடித்துச் சந்தனம் கொண்டுவருவாரா? என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அவரே வந்து ஊக்கைத் தள்ளிப் பார்த்தார். எரிந்தது. இழுத்தார், அணைந்தது. மறுபடி தள்ளினார். பிறகு தாமரையின் தலையில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “டி.சி. வேண்டாமுங்க டீச்சர். இவளக் கீழ அனுப்பிப்போட்டா, நான் பண்ற தப்ப ஊட்டுல யாருங்க கண்டுபிடிக்கறது?”

இப்போதெல்லாம் எங்கள் பள்ளியில் எந்த மாடல் செய்தாலும் பொன்னுசாமி வந்து பொட்டு வைக்கிறார். எங்கே வைக்கலாம் என்பதைத் தாமரை விரலால் காட்டுகிறாள்.