சிவப்பு வந்த ஏரிக்கரை

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் சாமி படம், மத்தியானம் மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை, சாயங்காலம் யாராவது ஒருவர் போய்ச் சேர்ந்த செய்தி. போன மாதம் அதில் ஒரு வீடியோ வந்தது. மேலே பறந்து பறந்து எடுத்திருந்தார்கள். ஏரி, பின்னால் ஜவ்வாது மலை, நடுவில் ஓடு போட்ட வீடு, தண்ணீர்வரை இறங்கும் கல்படிகள். 'கோட்டை நகரமாம் வேலூருக்கு அருகில், ஏரியைப் பார்த்த பண்ணை வீடு விற்பனைக்கு' என்று ஒரு பெண் குரல் கொஞ்சியது. வேலூர் எங்கே, ஆலங்காயத்தைத் தாண்டிக் கிடக்கும் அந்த ஏரி எங்கே? பஸ் கிடைத்தாலே இரண்டு மணி நேரம் ஆகும். ஆனாலும் நான் அதை ஏழு தடவை பார்த்தேன். வயிறு எரிந்தது. இந்த வயதில் அது அல்சராக இருக்கலாம் என்பீர்கள். இல்லை, இந்த எரிச்சலை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

அது ஷமீம் டீச்சரின் வீடு.

நாங்கள் இருவரும் ஜவ்வாது மலைமேல் நெல்லிவாசல் நாட்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஆலங்காயம், அவர் வாணியம்பாடி. அவருடைய அண்ணன் தோல் வியாபாரி. முதல் நாளே 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசிவரை ஒருவரையொருவர் பெயர் சொல்லியதே இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி ஏற்றும் ஷேர் ஜீப்பில்தான் போய்வருவோம். சாமை மூட்டை, தேன் டின், கட்டிப்போட்ட ஆடு, டீசல், எல்லாம் சேர்ந்த வாசனை சேலையில் ஏறி, வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது. அந்த ஜீப்பிலிருந்து இறங்கும்போதுகூட ஷமீம் டீச்சர் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த துணிபோல இருப்பார். எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான்.

அப்புறம் அவருடைய சாப்பாட்டு டப்பா. திறந்தால் குஸ்காவும் கத்தரிக்காய்ப் பச்சடியும். என்னுடையதில் எப்போதும் எலுமிச்சை சாதம். பாதியை எனக்கு வைத்துவிட்டு என் சாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, "உங்க கை ருசியே தனி டீச்சர்" என்பார். வேண்டுமென்றே சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன். பிள்ளைகளும் அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். என்னிடம் கணக்கு மட்டும் கேட்பார்கள்.

மலை ஏறுவதற்கு முன்னால் அந்த ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பாதி ஏற்றத்தில் கொதித்துப் புகை விடும். டிரைவர் டின்னை எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்குவார், நாங்கள் கரையில் நிற்போம். அப்படி நின்ற இடம்தான் முனுசாமியின் நிலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருப்பார். எங்களைக் கண்டால் ஒரு கொத்துச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறித் தருவார். பச்சைக் காயைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி, இங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நான் நினைப்பேன். ஒரு நாள் திரும்பினேன். ஷமீம் டீச்சரும் அதே தண்ணீரை அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பகீரென்றது.

முனுசாமியின் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. அதற்காக அவர் நிலத்தை விற்க வேண்டி வந்தது. என்னிடம்தான் முதலில் வந்தார்.

"இங்க ஜீப்புக்கு நிக்கும்போதெல்லாம் எம்பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவங்க நீங்க. நாலு பேரு கேக்குறாங்க. நீங்க வாணாம்னு சொன்னாத்தான் மத்தவங்களுக்கு" என்றார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "தண்ணி ஓரத்துல நெலம் வாங்கி இன்னா பண்ணப்போற, தவள மேய்க்கப்போறியா?" என்றார். அவரிடம் சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அதனால் பூ கேட்கிறேன் என்று முனுசாமியிடம் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் நிலம் வாங்குவதானாலும் முதலில் சாமியிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இலையில் மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் போடுவது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. சாமி வேண்டாம் என்று சொன்னதை அப்புறம் ஊரில் ஒருவரும் தொடமாட்டார்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும், 'அதான் செவப்பு வந்துட்ச்சே' என்பார்கள்.

அந்த ஏரிக்கரையிலேயே ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது இறங்கிக்கொண்டேன். துணைக்கு ஷமீம் டீச்சரும் இறங்கினார். என் செருப்பையும் குடையையும் பார்த்துக்கொண்டு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார். நான் திரும்பி நின்று நூலைப் பிரித்தேன்.

வெளியே வந்ததும் ஷமீம் டீச்சர் எழுந்தார். "இன்னா டீச்சர் வந்துச்சு?"

"செவப்பு" என்றேன்.

முப்பது வருஷமாக யாருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். வந்தது வெள்ளை. நல்ல நந்தியாவட்டை, வாடக்கூட இல்லை. அதை மறுபடி மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

என் புத்தி எப்படி ஓடியது தெரியுமா? வெள்ளை என்றால் இன்றைக்கே வீட்டில் சண்டை போட்டு வாங்க வேண்டும். சிவப்பு என்று சொல்லிவிட்டால் நிலத்தை யாரும் வாங்கமாட்டார்கள். அது எனக்காக அப்படியே கிடக்கும். வீட்டுக்காரர் மனம் மாறட்டும், இரண்டு வருஷம் கழித்து மறுபடி பூ கேட்டு வெள்ளை வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. கேட்டிருந்த நான்கு பேரையும் கழித்தேன். என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் கழிக்க மறந்துவிட்டேன்.

நான் நினைத்தபடியே நான்கு பேரும் பின்வாங்கினார்கள். முனுசாமி முகம் செத்துப்போய்த் திரிந்தார். கல்லூரியில் சேரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு திங்கட்கிழமை, ஜீப் நிறைய ஆட்கள் இருக்கும்போது ஷமீம் டீச்சர் என் பக்கம் சாய்ந்து, "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். உங்களுக்கு வாணாம்னு வந்துட்ச்சி. எங்களுக்கு இந்தப் பூவெல்லாம் கெடையாது. அண்ணன் வாங்கித் தர்றேன்றாரு. நீங்க சரின்னா வாங்கிக்கட்டுமா?" என்றார்.

நான் என்ன சொல்ல முடியும்? சாமி சொன்னதை நான் மாற்ற முடியுமா? "வாங்கிக்கங்க டீச்சர். எனக்கு இன்னா?" என்றேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். முனுசாமி கிடைத்த விலைக்குக் கொடுத்தார்.

ஷமீம் டீச்சர் வீடு கட்டினார். மா வைத்தார். தண்ணீர்வரை படி இறக்கினார். பால் காய்ச்சும் நாளன்று போய், எத்தனை சன்னல் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்தேன். என் வீட்டில் இருப்பதைவிட ஒன்பது அதிகம். ஒவ்வொரு கோடையிலும் பஸ் கண்டக்டரிடம் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்புவார். கூடையைத் திறந்ததும் வீடு முழுக்க மணக்கும். காட்டிக்கொள்ளத்தான் அனுப்புகிறாள் என்று கரித்துக்கொண்டே, கொட்டையை வெள்ளையாகும்வரை சப்புவேன். சாப்பிட்டு முடித்துவிட்டு வீட்டுக்காரரிடம், "கொஞ்சம் புளிப்புதான்" என்பேன். இடமாறுதல் வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். ஷமீம் டீச்சரைப் பார்ப்பது குறைந்தது, நின்றது. மாம்பழம் மட்டும் நிற்கவில்லை.

வீடியோவை ஏழாவது தடவை பார்த்த பிறகு அவருக்கு போன் செய்தேன். ஏன் விற்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நொடித்துப்போய் விற்கிறார் என்றால் என் வயிறு கொஞ்சம் குளிர்ந்திருக்கும். நான் அப்படிப்பட்டவள்தான்.

"இன்னா டீச்சர், அதிசயமா கீது" என்றார். குரலுக்கு மட்டும் வயதாகவில்லை. முட்டி தேய்ந்துவிட்டதாம், படி இறங்க முடியவில்லையாம், மகன் சென்னைக்குக் கூப்பிடுகிறானாம். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டீச்சர்" என்றார். "அன்னிக்குக் கோயில்லேந்து வந்து நீங்க செவப்புன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமாப் போச்சி. உங்க மூஞ்சி அப்பிடி வாடிக் கெடக்குது, நான் சந்தோசப்படுறேன். அந்தப் பாவம் உறுத்திக்கினே இருந்துச்சு. அதுக்குத்தான் வருசாவருசம் பழம் அனுப்பினேன். மன்னிச்சிடுங்க டீச்சர்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் அவருக்கு மேலே இருந்தேன். "அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன் டீச்சர்" என்றேன். "நீங்க நல்லாருக்கணும்" என்று அவர் அழுதார்.

அதற்குப் பிறகு பத்து நாள் சோறு இறங்கவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். முனுசாமியும் பூசாரியும் இப்போது உயிரோடு இல்லை, சொல்வதற்கு மிச்சமிருந்தது ஷமீம் டீச்சர் ஒருவர்தான். அம்மன் கோயிலைத் தாண்டி இறங்கி நடந்தேன். கேட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு காவல்காரர் இருந்தார்.

"பெரியம்மா ஞாயித்துக்கெழமையே மெட்ராசுக்குப் போய்ட்டாங்க. போன வாரம் கீழ வுழுந்துட்டாங்க. அப்போலேந்து யாரையும் அடையாளம் தெரியில. பெத்த புள்ளையையே யாருன்னு கேக்குறாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வூடு பாக்க வந்தவங்களா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

எல்லாவற்றையும் திறந்து காட்டினார். சமையலறை, மாந்தோப்பு, படிகள். படியில் உட்கார்ந்தேன். ஆசைப்பட்ட இடத்தில் கடைசியில் உட்கார்ந்தாயிற்று. பொறாமைப்படத்தான் ஆள் இல்லை.

"நம்ம பக்கத்து ஆளுங்களா நீங்க?" என்று கேட்டார். ஆலங்காயம் என்றேன். தயங்கினார். "அப்போ சொல்லிட்றேன்மா, அப்பறம் என்னத் திட்டாதீங்க. இது செவப்பு வந்த நெலம். உள்ளூர்ல ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. அதான் செல்லுல போட்டு வெளியூர் ஆளுங்கள தேடுறாங்க."

"செவப்பு இல்லீங்க" என்றேன். "வெள்ளதான் வந்துச்சு. பூ கேட்டவளே நான்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, வயதானவர்களிடம் பேசும் பொறுமையோடு சிரித்தார்.

"அது ஒரு டீச்சரும்மா. அவங்க செத்து எத்தினியோ வருசம் ஆவுதுன்றாங்க. ஊருக்கே தெரியும், செவப்புதான்" என்று சொல்லிவிட்டு, சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தப் போனார்.