அவளுக்காகச் சொல்லாத செபம்

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் நான்கு பெண்கள் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். செல்போன் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே லைன். நான் தூத்துக்குடிப் பக்கக் கடற்கரை ஊர், கத்தோலிக்கக் குடும்பம். எனக்கு அடுத்துப் பாய் விரிக்கும் அவள் மன்னார்குடிப் பக்கம். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். சுவரில் யார் சாமி படம் மேலே இருப்பது என்று மற்ற இருவரும் சண்டை போட்டபோது அவள்தான் முடிவு சொன்னாள்.

"எந்தப் படமும் வேணாம். அப்பதான் இது நாலு பேரோட ரூம்."

படங்கள் பெட்டிக்குள் போயின. சண்டை நின்றது. எனக்கு மட்டும் அந்த வெறும் சுவர் உறுத்தியது. கம்பெனி பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

"ஏட்டி, எல்லா சாமியையும் வெளிய அனுப்பினாத்தான் சமாதானமா? அவங்கவங்க சாமியோட ஒண்ணா இருக்க முடியாதா?"

"என்னை யாரும் கும்பிடச் சொல்லக் கூடாது. அதான்டி எனக்குச் சுதந்திரம்."

"சொல்லக் கூடாதுதான். ஆனா அந்தச் சுதந்திரத்தை வச்சி என்ன செய்யப்போற? நல்லது ஒண்ணுக்கு நம்மளயே குடுக்கத்தானே அது?" மறைக்கல்வி வகுப்பில் கேட்டதைத்தான் சொன்னேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல், "நான் செத்தா எனக்காக செபம் கிபம் பண்ணிடாதே. சத்தியம் பண்ணு" என்றாள். விளையாட்டென்று நினைத்து அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், பெங்களூர் ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனாள்.

நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் நாங்கள். அதனால் எங்களைப் பயம் பிடித்ததும் பகலில்தான். ஜன்னலைத் துணியால் மறைத்துப் படுத்தால், அவள் பாய் விரிக்கும் இடத்தில் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்கும். மற்ற இருவரும் படங்களை மறுபடி மாட்டினார்கள். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு இங்கயேதான் சுத்திகினு கீது. ஒரு வெளக்காவது ஏத்துங்கம்மா, வூடு தாங்காது" என்றார்.

என் பயம் வேறு. செபம் சொல்லக் கண்ணை மூடினால், முதல் வார்த்தைக்கு முன்பே அவள் பெயர் நாக்கில் வந்து நிற்கும். விழுங்குவேன். கடைசியில் செபம் சொல்வதையே விட்டுவிட்டேன்.

அவள் பையை எடுத்துப்போக அவளுடைய அப்பா வந்தார். அவரிடம் சத்தியத்தைச் சொன்னேன். பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"கும்பிடுன்னும் நான் அவளுக்குச் சொன்னதில்ல, கும்பிடாதேன்னும் சொன்னதில்ல. அவளா யோசிச்சு வந்த முடிவும்மா. உனக்கு மட்டும் நான் எப்படிச் சொல்றது?" வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆனா அவ சும்மா யார்கிட்டயும் சத்தியம் கேக்க மாட்டா."

கல்லறைத் திருநாளன்று கோயிலுக்குப் போனேன். பூசைக்கு முன்பு ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சத்தியம் பண்ணினது நீதானே? நான் பண்ணலயே," என்றார். "பேரைச் சொல்லு. பூசையில நான் சேர்த்துக்கறேன்."

பெயர் வாய்வரை வந்துவிட்டது. ஒரு சொல்லில் எல்லாம் தீர்ந்துபோகும். யாருக்கும் தெரியவும் தெரியாது.

"வேணாம் ஃபாதர். அவளக் கொல்லைப்புற வாசல் வழியா கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்."

"யாரையும் கட்டாயப்படுத்தி விசுவாசத்துக்குள்ள கொண்டுவரக் கூடாதுன்னு திருச்சபையே சொல்லுது. செத்தவங்களுக்கும் அது பொருந்துமான்னு எனக்குத் தெரியலம்மா," என்றவர், அங்கியை மாட்டிக்கொண்டு பீடத்துக்குப் போனார்.

பூசை முடிந்து எல்லோரும் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் வெறுங்கையோடு நின்றேன். என் வேதம் என்னைத் தடுக்கவில்லை, அவள் அப்பா தடுக்கவில்லை, ஃபாதரும் தடுக்கவில்லை. நானாகத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்குமுன் அத்தனை சுதந்திரமாக நான் இருந்ததில்லை. அது அவ்வளவு கனக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த அறையைக் காலி செய்து, கல்யாணமாகி, ஊர் மாறி வந்துவிட்டேன். செபம் திரும்ப வந்தது. இப்போதும் பூசையில் இறந்தோரை நினைக்கச் சொல்லி குருவானவர் கொஞ்சநேரம் மௌனமாக இருப்பார். அம்மாவின் பெயரைச் சொல்வேன். அடுத்து அவள் பெயர் வந்து நிற்கும். நான் சொல்வதில்லை. அவளும் போவதில்லை.