பதினோராவது கேள்வி

எங்கள் பள்ளியில் ஆறுதல் டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். பட்டப்பெயர்தான். புவியியல் நடத்திக்கொண்டிருந்தவரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பி, ஒரு சான்றிதழையும் கையில் திணித்து, பிள்ளைகளின் மனக்குறை முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். புவியியல் பீரியட் ஒன்றுகூடக் குறையவில்லை. அறை? விளையாட்டுச் சாமான் அறையில் பாதி. காற்றுப்போன பந்துகளுக்கு நடுவே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. "ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்ற, உனக்கு யாரு சொல்றது?" என்று வீட்டுக்காரர் கேட்பாராம். "பஸ்ல சீட் கிடைச்சா அதுவே ஆறுதல்" என்பாராம் இவர். பத்தொன்பது வருடமாக இந்த ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். அந்த அம்மாள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அறிவியல் நோட்டில், கடைசிப் பக்கத்தில், "உங்க மூணு பேரையும் ஒருநாள் கொளுத்திடுவேன்" என்று எழுதியிருந்தது. யாரோ அதைப் போட்டோ எடுத்துவிட்டார்கள். மதியத்துக்குள் பெற்றோரின் வாட்ஸ்அப் முழுக்க அதே பேச்சு. கேட்டில் கூட்டம். அவளை வெளியே அனுப்பு என்று ஒரே கூச்சல்.

இதற்கென்று ஒரு படிவம் உண்டு. பதினொரு கேள்வி, ஒவ்வோர் 'ஆம்' பதிலுக்கும் ஒரு மார்க். ஏழு வரைக்கும் போனால் கண்காணிப்போடு வகுப்பில் இருக்கலாம். எட்டு வந்துவிட்டால் போலீஸ் விசாரணை முடியும்வரை பள்ளிக்கூடம் கிடையாது. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த கணக்கோ, நன்றாக இருக்கட்டும்!

தலைமையாசிரியை, விளையாட்டு ஆசிரியர், ஆறுதல் டீச்சர் மூவரும் உட்கார்ந்தார்கள். எழுத நான்.

"தீ வைக்கிற பொருள் அவ கைக்கு எட்டுமா?" என்று தலைமையாசிரியை படித்தார்.

"லேப்ல ஸ்பிரிட் இருக்கே, மேடம்" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"அது என் கைக்கும்தான் எட்டும் சார். எனக்கும் ஒரு மார்க் போட்டுடவா?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. 'ஆம்' என்று எழுதினேன்.

பத்துக் கேள்வி முடிந்தபோது மார்க் ஏழு. பாக்கி ஒன்று: மிரட்டலையோ அதன் காரணத்தையோ மாணவர் முன்பே யாரிடமாவது சொன்னாரா?

"யார்கிட்டயும் சொல்லல. இல்லன்னு போடுங்க. ஏழோட முடிஞ்சுது, பொண்ணு தப்பிச்சா" என்று தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"என்கிட்ட சொன்னா மேடம்" என்றார் ஆறுதல் டீச்சர்.

"என்னது, கொளுத்தப் போறேன்னா?"

"இல்ல. கூடப் படிக்கிற அந்த மூணு பேரும் அவளை பாத்ரூம்ல வச்சுப் பூட்டுறாங்கன்னு. மூணு தடவை வந்தா. மூணு தடவையும் நான் வேற பிள்ளைக்கு இதே ஃபார்மை ரொப்பிட்டு இருந்தேன். அப்புறம் வாம்மான்னு அனுப்பிட்டேன்."

"ஐயோ டீச்சர், சும்மா இருங்களேன்! அதைச் சொன்னா எட்டு ஆயிடும்" என்று பதறினார் விளையாட்டு ஆசிரியர்.

"இல்லன்னு எழுதினா பாத்ரூம் விஷயம் எங்கயுமே வராது சார். நாளைக்கும் பூட்டுவாங்க." குரல் உயரவேயில்லை. உயர்த்தத் தெம்பு இருந்தால்தானே? "உதவி கேட்டு வந்ததுக்கு ஒரு மார்க்கா? அதை என் பேர்ல போடுங்க. அவ சொன்னா, நான் கேக்கலன்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன். தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார்.

"உங்களுக்கு மெமோ வரும், தெரியுமில்ல?"

"வரட்டும் மேடம்."

தலைமையாசிரியை மார்க் கூட்டும் கட்டத்தைக் குறுக்கே அடித்தார். பெண் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று பேரின் பெற்றோரையும் காலையில் வரச்சொல்லிக் கடிதம் அடிக்கச் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வெளியே பெஞ்சில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா வேலையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. ஆறுதல் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மேலதான் தப்பும்மா. இனிமே எதுன்னாலும் என்கிட்ட வந்து சொல்லு. கண்டிப்பா கேப்பேன்."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"சொன்னப்ப யாரும் கூப்பிடல டீச்சர். எழுதினப்பதான் கூப்பிட்டீங்க."

ஆறுதல் டீச்சர் பிடித்த கையை விடாமல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.