இரண்டு டப்பாவில் செம்பருத்தி

சுப்புத்தாய் அக்கா இறந்த செய்தி காலை ஒன்பது மணி வாக்கில் பட்டாசுக் கம்பெனிக்கு வந்தது. நாங்கள் வெடிக்குள் மருந்து செலுத்தும் அறையில் இருந்தோம். ஃபோர்மேன் வாசலில் நின்று, "புதுப்பட்டி சுப்புத்தாய் தவறிட்டாகளாம்" என்றார். அதே குரலில், மதியத்துக்குள் லோடு ஏற்றியாக வேண்டும் என்றார். யாரும் அழவில்லை. மருந்து படிந்த கையால் கண்ணைத் துடைக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பழகிப்போனது. எனக்கு இன்றுவரை அழுகை வரவில்லை.

அவர் வெடி விபத்தில் சாகவில்லை. அப்படிச் செத்திருந்தால் செய்தித்தாளில் பெயராவது வந்திருக்கும். இரண்டு வருடம் இருமி, வீட்டுக் கட்டிலில் செத்தார். வயது நாற்பத்தாறு. அந்த இருமலுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். சம்பந்தம் உண்டு என்று காட்ட முயன்றவர் அவர் ஒருவர்தான். செம்பருத்தியை வைத்து அதைக் காட்டினார். உங்களில் பலர் இதை ஒரு வேடிக்கைக் கதையாகக் கேட்டிருப்பீர்கள். நான் அவரோடு ஒரே அறையில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எம். புதுப்பட்டியில் அவர் வீட்டின் பின்பக்கம் பத்தடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும். அதில் ஆறு செம்பருத்தி நின்றன. கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும் என்று பாதிக்குப் பாதி மணல் கலந்து வைத்திருந்தார். தை முடிந்ததும் எல்லாக் கிளையையும் பாதியாக வெட்டிவிடுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பதறியது. "வெட்டப் பாவம் பாத்தா, வெயில் காலத்துல வெறும் இலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றார். சொன்னபடியே பங்குனி வெயிலில் கிளைக்கு நாலு பூ நின்றது. ஈரம் காயாமல் இருக்க வேரடியில் கடலைத்தோல் பரப்புவார். மாவுப்பூச்சி விழுந்தால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக் கிளை கிளையாகத் துடைப்பார். அவருடைய ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போய்விடும். "எனக்கு முதுகு தேய்க்க ஆளில்ல, செடிக்குத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா" என்று அவர் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார்.

பட்டாசு மருந்தில் சேரும் வெடியுப்பும் ஒரு உரம்தான் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் வேலைச் சேலை அலசிய தண்ணீரைக் கீழே கொட்ட மாட்டோம். அக்காவும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்ற செடிக்கு அதைத்தான் ஊற்றினார். சாம்பல் நிறத் தண்ணீர், மேலே அலுமினியப் பொடி மினுங்கும். செடி மதமதவென்று வளர்ந்தது. இலை உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பங்குனியில் மற்ற ஐந்தும் பூத்தன. அது மட்டும் மொட்டு விட்டு விட்டு உதிர்த்தது. சித்திரையில் இலை ஓரம் கருகியது. அதே சித்திரையில்தான் அக்காவுக்கு இருமல் தொடங்கியது.

மதியச் சாப்பாட்டின்போது அவர் எங்களிடம் கேட்டார். "சேலையில ஒட்டுனதே இம்புட்டு செய்யுதுன்னா, நெஞ்சுக்குள்ள போனது என்ன செய்யும்?"

நாங்கள் டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலை முடிந்ததும் பெண்கள் குளித்து உடை மாற்றிக்கொள்ள ஒரு அறையும் குழாயும் வேண்டும் என்று, இருமலையும் செடியையும் சொல்லி ஃபோர்மேனிடம் கேட்டார். இருமல் கரிசக்காட்டுத் தூசியால் வருவது, செடிக்கு ஏதோ சீக்கு என்றார் ஃபோர்மேன். அக்கா வீட்டுக்கு வந்தார். பூக்கிற செடியில் ஒரே கிளையிலிருந்து பென்சில் கனத்தில் இரண்டு கம்பு வெட்டி, இரண்டு பெயிண்ட் டப்பாவில் நட்டார். ஒரே மண், ஒரே வெயில். ஒன்றுக்கு நல்ல தண்ணீர், மற்றதுக்குச் சேலைத் தண்ணீர். அடுத்த பங்குனியில் இரண்டு டப்பாவையும் கம்பெனி வேனில் ஏற்றினார். ஒன்றை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் இருந்த நேரம் பார்த்து ஃபோர்மேன் மேசையில் இரண்டையும் வைத்தார். ஒன்றில் மூன்று சிவப்புப் பூ. மற்றதில் இலை மட்டும்.

"செடி வளக்க வாரீகளா, வெடி செய்ய வாரீகளா?" என்றார் ஃபோர்மேன். வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"நான் இருமிக் காட்டுனா நடிக்கிறேன்னு சொல்லுவீக" என்றார் அக்கா. "இது நடிக்காதுல்ல, சார்?"

மேனேஜர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு அறை எழும்பியது. சுவரில் டைல்ஸ், வரிசையாக நாலு குழாய். அதிகாரி ஒருவர் வந்தார், போட்டோ எடுத்தார்கள். தண்ணீர் இணைப்பு மட்டும் வரவில்லை. தீபாவளி சீசன் முடியட்டும் என்றார்கள். இன்று அந்த அறையில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.

சீசன் முடிந்ததும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அக்காவை அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிடவில்லை. அவர் போக அறையில் நாங்கள் பதினான்கு பேர். மறுநாள் காலை பதினான்கு பேரும் வேனில் ஏறினோம். அவர் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். நகர்ந்து இடம் கொடுத்தது நான்.

வேலை போன பிறகும் அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சேலைத் தண்ணீர் கேட்டு வாங்கி அந்த ஒரு டப்பாவுக்கு ஊற்றிவந்தார். கரண்டிக் கணக்கில் ஊற்றுவார். ஏன் யக்கா என்று கேட்டேன். "சாட்சி செத்துறவும் கூடாது, சொகமாயிறவும் கூடாது" என்றார்.

அவர் இறந்த அன்று லோடு ஏற்றிவிட்டு மதியத்துக்கு மேல்தான் நாங்கள் போனோம். அவரை எடுக்கும் நேரமாகியிருந்தது. பின்பக்கம் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது போக மற்ற ஐந்து செடியும் சித்திரை வெயிலில் பூத்துக் கிடந்தன. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்காரர், நினைவுக்கு எந்தச் செடி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் அந்த டப்பாவைத் தூக்கினேன்.

"அது பூக்காது தாயி" என்றார்.

"தெரியும்ண்ணே" என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். என் வீட்டு வாசலில் நிற்கிறது. நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒரு வருடத்தில் தேறிவிடும் என்று அம்மா திட்டுகிறாள். தேறும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாலு குழாயிலும் இன்னும் தண்ணீர் வரவில்லை. வேலைச் சேலையோடுதான் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். அலசிய தண்ணீரில் ஒரு கரண்டி அதற்கு ஊற்றுகிறேன். வரும் பங்குனியில் ஃபோர்மேன் மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டியது நான்தான்.

போன வாரம் நாலு மொட்டு விட்டது. இன்று காலையோடு மூன்று உதிர்ந்துவிட்டன.