வேட்பாளரின் பிறந்தநாள் பூசை

இந்தச் சம்பவத்துக்கு முன், காரைக்காலில் எங்கள் மாதா ஆலயத்தின் பங்குப் பேரவைக்கு நான் பதினோராண்டு செயலாளர். அதற்கு முன் அரசுத் துறையில் கண்காணிப்பாளர், வணிகவியல் முதுகலை. ஆலய ட்ரஸ்டின் வருமான வரி விலக்குப் பதிவு தொடர்பான எல்லாத் தாளிலும் என் கையெழுத்தே இருக்கும். எவரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. இனி இப்பொறுப்புக்கு வருவோர் அறிவதற்காக எழுதுகிறேன்.

ஞாயிறு திருப்பலிக்கு முன் பூசைக் கருத்துகளை வாசிப்பது செயலாளர் வேலை. யார், யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார் என்பதைப் பதிவேட்டில் உள்ளபடி வாசிக்க வேண்டும். பக்கத்து ஊரான நெரவியிலிருந்து வரும் லூர்துமேரி அம்மாள், மகன் அருள்தாஸின் பிறந்தநாளையொட்டி ஆண்டுதோறும் பூசை எழுதிக் கொடுப்பார். அவ்வாண்டு அருள்தாஸ் சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளராக நின்றார்.

வேட்பாளர் பெயரை வாசிக்கலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். "வருஷா வருஷம் படிக்கிறதுதானே சார்? புதுசா ஒண்ணும் சேக்காதீங்க" என்றார்.

சேர்க்கவில்லை. பதிவேட்டை ஏந்தி மைக் முன் நின்று, "மகன் அருள்தாஸின் பிறந்தநாளுக்கு நன்றியாக, தாயார் லூர்துமேரி" என்று வாசித்தேன். பின்வரிசையில் கைதட்டல் எழுந்து ஆலயம் முழுவதும் பரவியது. பூசைக் கருத்துக்கு எங்கள் ஆலயத்தில் எவரும் கைதட்டியதில்லை. நிறுத்தச் சொல்வதா, அடுத்த பெயரை வாசிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த பெயர் ஓர் இறந்தவருடையது. வாசித்தேன். அதற்கும் சிலர் கைதட்டினர்.

யாரோ எடுத்த வீடியோ மதியத்துக்குள் ஊரெங்கும் பரவியது. திங்களன்று தேர்தல் பறக்கும் படை அதிகாரி, ஓர் இளம் பெண், பங்கு அலுவலகத்துக்கு வந்தார்.

"கோயில்ல பிரசாரம்னு புகார் வந்திருக்கு சார். வரி விலக்கு வாங்குற ட்ரஸ்ட் உங்களது. இது மேல போனா பதிவே கேள்வியாயிடும்."

பதிவேட்டை விரித்துக் காட்டினேன். ஆண்டுக்கு ஒன்றாக அதே வரி, என் கையெழுத்தில்.

"சரிங்க சார். போன வருஷம் கை தட்டுனாங்களா?"

"இல்லீங்க."

"இந்த வருஷம் ஏன் தட்டுனாங்க?"

"அத தட்டுனவங்ககிட்டதான் கேக்கணும்."

"நீங்க படிச்சதாலதானே சார் தட்டுனாங்க?"



தேர்தல் முடியும்வரை வேட்பாளர் பெயர்கள் வாசிக்கப்படமாட்டா என்று அன்றே எழுதி ஒட்டினேன். மாலையில் லூர்துமேரி அம்மாள் வந்துவிட்டார்.

"எம் புள்ள பேர மாதாகிட்ட சொல்லக்கூடாதுன்னு நீங்க எப்படிங்க சொல்லலாம்? நான் என்ன ஓட்டா கேட்டேன்? நல்லா இருக்கணும்னுதானே கேட்டேன்?"

"நல்லா இருக்கணும்னா, ஜெயிக்கணும்னா?"

"ஜெயிச்சா நல்லா இருப்பான்ல?" என்றார்.



தேர்தல் அதிகாரிக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கம் ஏற்கப்பட்டது. பதிவுக்குக் கேடு வரவில்லை. நான் கற்றது இவ்வளவே: வாசிக்குமுன் தாளை மட்டும் பார்த்தால் போதாது, எதிரே அமர்ந்திருப்போரையும் பார்க்க வேண்டும். வேண்டுதல் எந்த இடத்தில் பிரசாரமாகிறது என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

ஒன்று மட்டும் தெளிவு. நானும் கைதட்டியதாக ஊரில் சொல்கிறார்கள். வீடியோவில் என் முகம் மட்டுமே தெரிகிறது. நான் தட்டவில்லை. என் இரு கைகளிலும் பதிவேடு இருந்தது.