தண்ணீரில் போட்டுப் பார்க்க முடியாத மிளகு

இன்றைக்கு பள்ளுருத்தி பஸ்ஸில் பக்கத்து வீட்டு லதா. வருஷக்கணக்காக பிசிக்ஸில் ஸ்ட்ரிங் தியரி ஆராய்ச்சி செய்கிறவள். காலேஜ் வேலைக்கு இன்டர்வியூ முடிந்து திரும்பினாள்.

வம்புக்கு இழுத்தேன். "மட்டாஞ்சேரி மிளகுச் சந்தையில மிளகத் தண்ணியில போட்டா நல்லது முங்கும், பொக்கு மிதக்கும். உன் தியரிய எதுல போட்டுப் பாக்குறது மோளே?"

"அதுக்கு வேண்டிய மிஷின் இந்த பூமியில கொள்ளாது மாமா."

"அப்ப இன்டர்வியூல?"

"ஒரு சார் இது சயின்ஸே இல்லன்னார். இன்னொருத்தர் இத விட்டா வேற வழியே இல்லன்னார். எனக்கு வேலை இல்லைங்கறதுல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துப்போனாங்க."

நான் சிரிப்பேன் என்று பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. மீதி வழி முழுக்க ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

என்னிடம் கிண்டல் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. யாரிடமாவது நல்லதாக ஒன்று இருந்தால் அனுப்புங்கள். நாளைக்கும் அவள் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.