நத்தை பொறுக்கியவர்

வடக்கனந்தல் பக்கம் ஓர் ஏரியில் அந்தப் பெண்மணியை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். குழம்புக்கு நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் சேறு துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவார்.

நான் நத்தைகளை ஆராய்பவன் என்றதும், "இதுல இன்னாங்க இருக்குது ஆராய?" என்று சிரித்தார்.

சொன்னேன்: உலகில் சில ஏரிகளுக்குப் பல லட்சம் வயது. அங்கே ஒரே இனமாக இருந்த நத்தைகள், பாறையில் சிலவும் சேற்றில் சிலவுமாக வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாக மாறி, கடைசியில் வேறு வேறு இனங்களாகிவிட்டன.

அவர் கை நின்றது.

"அம்மாம் வருசமும் அந்த ஏரி வத்தவே இல்லீங்களா?"

"இல்லைங்க."

"எங்க ஏரி சித்திரைக்கே தாங்காதே!" என்றவர், எங்கோ இருக்கும் அந்தத் தண்ணீரை நினைத்துக் கைகூப்பினார்.

பாடமாக எனக்கும் அது தெரியும்தான். ஆனால் அந்தத் தண்ணீரை நினைத்து அதுவரை நான் வியந்ததே இல்லை.